ஓடைக்கரைப் பூவரசை நட்டவன்

மலையாள நாட்டுத் தலைநகரில், சாலை என்ற கடைத்தெருவில் தலைச்சுமை தூக்க வந்தவன் நான். அதே தெருவில் பின்னாளில் இரும்புக்கடை வைத்தேன். இந்தப் பாறையில் தண்ணீர் கிடைக்காது என்று மூன்று பேர் சொல்லிவிட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டினேன், இன்றும் அது வற்றவில்லை. இரண்டு தட்டு மாடி வீடு கட்டினேன். நான்கு பெண்களைக் கரையேற்றினேன். பையனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். நான் படித்தது நான்காம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. இவையெல்லாம் ஊரறிந்தவை. யாரும் மறுக்கப் போவதில்லை.

ஊர் மறுக்கிற ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, அதற்கு ஆண்டுவிழா எடுத்து, ஒரு மலர் போட்டார்கள். அதில் பஞ்ச காலத்தில் நாங்கள் பயிர் வைத்த காட்டைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது. ஓடைக்கரையில் நிற்கும் பூவரசு மரங்களை வனத்துறை நட்டது என்று அச்சாகியிருக்கிறது. படித்த பிள்ளைகள் எழுதியது. பழைய காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதினோம் தாத்தா என்கிறார்கள். அந்தக் காகிதம் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்த புதிது. கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அரிசி மட்டும் வரவில்லை. வாரத்துக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசி எங்கள் வீட்டில் நாலு நாளைக்குக்கூடக் காணாது. கடைத்தெருவின் பின்பக்கம், கடைக்காரர்களும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் குமாஸ்தாக்களும் வாழ்ந்த சந்து எங்களுடையது. பதினான்கு வீடு. பாதிப்பேர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம். அநேகம் பேர் ஊரில் நெல்வயல் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே ஒரு பூசணிக்கொடி விட ஒரு சாண் மண் கிடையாது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கரமனையைத் தாண்டி ஒரு மணி நேர நடையில் ஒரு குன்றுச் சரிவு. ஓடைக்குக் காவலாகச் சர்க்கார் காலம்காலமாய் வைத்திருந்த காடு. விறகு பொறுக்கினாலே காவலுக்கு நிற்கும் கார்டு பிடித்துக்கொண்டு போவான். அதில் மரம் இல்லாத இடங்களை மட்டும், உணவுப்பயிர் வைக்க, அக்கம்பக்கத்தார் கூட்டாகக் கேட்டால் ஒரு வருடக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்றார்கள்.

எங்கள் சந்தில் சர்க்கார் கச்சேரியில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் கச்சேரி அண்ணாச்சி. மலையாளத்தில் மனு எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். மனு எழுதியது அவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் படி ஏறி இறங்கியது யார்? கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு நான் போனேன். இன்று வா, நாளை வா என்று பியூன் சொல்லச் சொல்ல, அவனுக்கே என்னைப் பார்த்துப் பாவமாகி ஒரு நாள் உள்ளே விட்டான். குத்தகை கிடைத்தது.

கச்சேரி அண்ணாச்சி எல்லாரையும் கூட்டி வைத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். நிற்கிற மரத்தைத் தொடக்கூடாது. தீ வைக்கக்கூடாது. குடிசை போடக்கூடாது. ஓடைக்கரையை வெட்டக்கூடாது. தென்னை, மா, பலா என்று நிலைத்து நிற்கிற எந்த மரமும் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டில் குத்தகைக்காரன் ஒரு தென்னையை நட்டுவிட்டால், பிறகு அவனைக் கிளப்ப வேண்டுமென்றால் அந்த மரத்துக்கு விலை கொடுத்துத்தான் கிளப்ப வேண்டும். மரத்தைக் காட்டியே நிலத்தில் உட்கார்ந்துகொண்டவர்கள் ஏராளம். சர்க்காருக்கு அந்தப் பயம்.

நானும் கேட்டேன். தலையை ஆட்டினேன். என் மூளையில் தென்னை, மா, பலா என்பதுதான் பதிந்தது.

சீட்டுப் போட்டு நிலத்தைப் பதினான்கு துண்டாகப் பிரித்தோம். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து மரச்சீனிக் கம்பை, மரவள்ளி என்பார்களே அதை, நறுக்கி நட்டோம். இடையில் காராமணி, வெண்டை. என் கடையிலிருந்து பதினான்கு வீட்டுக்கும் மம்பட்டி கொடுத்தேன். இதையும் மலரில் காணோம், போகட்டும்.

துண்டுகளுக்கு நடுவே எல்லை வேண்டும், ஓடைப் பக்கம் மாடு இறங்காமல் வேலி வேண்டும். நான் பொறுப்பெடுத்தேன். ஒரு குளக்கரையில் பூவரசு கிளை கழித்துப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கடையிலதான் காஞ்ச மூங்கில் கெடக்கே, அதை நட்டா என்ன?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பயிர் நிலத்து எல்லையில் பட்ட கம்பை ஊன்ற மாட்டோம். என் அப்பா ஊன்றியதில்லை, அவருடைய அப்பாவும் ஊன்றியதில்லை. பச்சைக் கம்புதான் ஊன்ற வேண்டும், பயிரோடு சேர்ந்து அதுவும் பிடிக்க வேண்டும். அவளிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப ஒங்க இஷ்டம்" என்று போய்விட்டாள்.

எல்லையில் பத்தடிக்கு ஒன்று ஊன்றினேன். ஓடைக்கரையை வெட்டக்கூடாது என்பதால் குழி தோண்டவில்லை, கம்பின் நுனியைச் சீவி, சம்மட்டியால் அடித்தே இறக்கினேன். அங்கே சாணுக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, இடையில் தென்னமட்டையை வைத்துப் பின்னினேன். நூற்றைம்பது அடி நீளம். தனியாளாக ஒன்பது நாள். கச்சேரி அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு "கோட்டை மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். பச்சைக் கம்புக்கும் பட்ட கம்புக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

மழைக்காலம் பிடித்தது. ஒரு மாதத்தில் கம்பெல்லாம் துளிர்த்தது. ஆடி பிறந்தபோது ஓடைக்கரை நெடுகப் பச்சை இலை. எனக்கு ஒரே பெருமை. போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். கார்டையும் நிறுத்திக் காட்டினேன். அவன்தான் போய் ரிப்போர்ட் கொடுத்தவன்.

நோட்டீஸ் வந்தது. நிபந்தனையை மீறி மரம் நட்டிருக்கிறீர்கள், குத்தகையை ஏன் ரத்து செய்யக்கூடாது, ரேஞ்சர் நேரில் வருவார், விளக்கம் சொல்லுங்கள் என்று இருந்தது. ரத்து செய்தால் நிலம் நிற்கிற பயிரோடு போகும். மரச்சீனியைப் பிடுங்கிப் பார்த்தேன். கிழங்கு விரல் தண்டிகூட இல்லை. தை மாதம் வரை நின்றால்தான் சாப்பாடு. அப்போது ஆடி, இங்குள்ளவர்களே பஞ்ச மாதம் என்று சொல்கிற மாதம். அந்தக் கிழங்கை நம்பித்தான் பதினான்கு வீடும் இருந்தது.

சந்தில் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்றபடியே, "என்ன ஓய், தோட்டம் போட்டுத் தாரும்னு சொன்னோம். நீரு வனமே போட்டுட்டேரே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அன்றைக்குச் சட்டியில் இருந்த கஞ்சியைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, "மூங்கில் இன்னும் கடையிலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே போய் எல்லைக் கம்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூங்கிலை ஊன்றினேன். அவை சுலபமாக வந்தன. ஓடைக்கரையில் கை வைத்தேன், முதல் கம்பு அசையவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். கம்போடு ஒரு கூடை மண்ணும் பெயர்ந்து ஓடையில் விழுந்தது. தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. நின்றுவிட்டேன். கம்பைப் பிடுங்கினால் கரை போகும், கரையை வெட்டியவன் என்று இரண்டாவது குற்றம். பிடுங்காவிட்டால் மரம் நட்டவன் என்று முதல் குற்றம். என் வாழ்க்கையில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் அது ஒன்றுதான்.

ரேஞ்சர் வருவதற்கு முன் நான்கு நாள் விடாத மழை. அவர் வந்த அன்று காலையில்தான் வெறித்தது. கச்சேரி அண்ணாச்சியும் நானும் இன்னும் சிலரும் போய் நின்றோம். அண்ணாச்சி என் காதில், ஒன்றும் வாயைத் திறக்காதே, கம்பு தானாகத் துளிர்த்தது, நட்டது யாரென்று தெரியாது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

ரேஞ்சர் மலையாளி. எங்களோடு பேசும்போது தமிழ் கலந்து பேசுவார். வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நிலத்துக்கு மேலே இன்னொரு தெருக்காரர்கள் குத்தகைக்கு எடுத்த துண்டு இருந்தது. அவர்கள் ஓடைப் பக்கம் வேலியே போடவில்லை. அந்த மழையில் அவர்களுடைய கரை ஒரு வீட்டு அகலத்துக்கு இடிந்து, மரச்சீனியோடு ஓடையில் சாய்ந்து கிடந்தது. எங்கள் பக்கம் வந்தார். கரை வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே இருந்து வந்த வண்டலை என் மட்டைப் பின்னல் பிடித்து நிறுத்தியிருந்தது. கைப்பிரம்பால் கம்புகளின் அடியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே கோடி வரை நடந்தார். நான் பிடுங்கிய ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் மண் அரித்திருந்தது. அங்கே நின்றார்.

"இது ஆரு நட்டது?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார். அந்த ஓட்டையும் நான்தான். பிடுங்கப் பார்த்தேன், கரை வந்துட்டு. விட்டுட்டேன்."

அவர் பிரம்பை ஒரு கம்பின் மேல் வைத்தார். "இப்போ இது கம்பு. பத்து கொல்லம், பத்து வருஷம் கழிஞ்சா மரம். அப்போ நீங்க வந்து, சாரே, எங்க மரத்துக்கு விலை தரணும்னு கேஸு கொடுக்கும். பின்ன நான் ஆரோடு சமாதானம் சொல்லும்?"

"மரம் எனக்கு எதுக்கு சார்? சர்க்கார் எடுத்துக்கிடட்டும். எங்களுக்குக் கிழங்கு போதும்."

"எழுதித் தருமோ?"

"இப்பமே தாரேன்."

அங்கேயே, அண்ணாச்சியின் குடையை விரித்து அதன் நிழலில் காகிதம் வைத்து எழுதினோம். ஓடைக்கரையில் உள்ள பூவரசு முழுவதும் துறையைச் சேர்ந்தது, குத்தகைக்காரர்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை, விலையும் கேட்க மாட்டோம் என்று ரேஞ்சர் சொல்லச் சொல்ல அண்ணாச்சி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். மலையாளத்தில் எனக்கு எழுதத் தெரிந்த முழு வார்த்தை அப்போது என் பெயர் ஒன்றுதான், அதை நன்றாகவே போட்டேன். ரேஞ்சர் தன் நோட்டில் கரைப் பாதுகாப்புக்குத் துறை வைத்த வேலி என்று குறித்துக்கொண்டார். குத்தகை நிற்கும் என்றார். அந்த ஓட்டையில் இன்னொரு கம்பு ஊன்றச் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேட்டி முழுக்கச் சேறு. நெஞ்சில் நாள்கணக்காக ஏறியிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூட்டை தூக்கியவன் சொல்கிறேன், அந்தச் சுகம் எனக்குத் தெரியும். அண்ணாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்காதேன்னு சொன்னேன், நல்லவேளை கேக்கல்லே என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப மிச்ச மூங்கிலைக் கடைக்குத் திருப்பிக் கொண்டு போயிருங்க" என்றாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

தையில் கிழங்கு பிடுங்கினோம். முழங்கை தண்டி. சந்தின் பதினான்கு அடுப்பிலும் ஒரே நேரத்தில் மரச்சீனி வெந்தது, சிலர் வீட்டில் மத்தி மீன், சிலர் வீட்டில் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல். வனம் போட்டதாகச் சொன்னவரே இலையில் நாலு துண்டை வைத்து எனக்குக் கொடுத்தனுப்பினார். நானும் சாப்பிட்டேன். குத்தகை வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டது. அரிசி தாராளமாக வந்த பிறகு நாங்களே நிலத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு மாநிலம் பிரித்ததில் நாஞ்சில் நாடு மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம்.

போன மாதம் பையனோடு காரில் போய்ப் பார்த்தேன். காடு மூடியிருக்கிறது. நெருக்கத்தில் பட்டது போக மிஞ்சி நிற்கும் பூவரசு ஒவ்வொன்றும் என் இரண்டு கைக்கு அடங்கவில்லை. மஞ்சள் பூ ஓடையில் மிதக்கிறது. இத்தனை வெள்ளத்துக்குப் பிறகும் அந்த நூற்றைம்பது அடிக் கரை நான் விட்ட இடத்தில் நிற்கிறது.

சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரேஞ்சருக்குப் புத்தி இருந்தது, எழுதுங்கள். கச்சேரி அண்ணாச்சிக்குக் கையெழுத்து அழகு, எழுதுங்கள். மரம் சர்க்காருடையது, அதையும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தில் எனக்கு உரிமை இல்லை என்றுதான் கையெழுத்துப் போட்டேன். நான் நடவில்லை என்று ஒரு நாளும் போட்டதில்லை. அடுத்த மலரில் அந்தப் பக்கத்தைத் திருத்தி, நட்டவன் நான் என்று போட வேண்டும். என் பெயரைப் பிழையில்லாமல் போட வேண்டும்.