முழு டீ

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. காலை ஷிப்டுக்கு நான் போகும்போதெல்லாம் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் அங்கே பெஞ்சில் இருப்பார்கள். எங்கள் கம்பெனியில் ரிட்டயரானவர், ஆனாலும் பழைய கம்பெனிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருப்பார். பஸ் ஹாரன் அடித்ததும் டிரைவரிடம் கிளாஸை உயர்த்திக் காட்டி, நிதானமாக ஒரு வாய் உறிஞ்சுவார்.

“இன்னா சார், தெனமும் இப்டி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கல்யாணமாகி மூணாம் நாளு இவ டீ குடுத்தா. தெருமுனைல ஹாரன் அடிச்சான். பாதில வெச்சிட்டு ஓடுனேன். இருபத்தஞ்சு வருசமும் பாதி டீதாம்பா. இப்ப பழி வாங்கிகினு கீறேன்.”

“மீதிய நான் குடிச்சிடுவேன். அதுலதான் ருசியே,” என்று அந்த அம்மா சிரித்தார்.

அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. விட்டால் அரைநாள் லீவு போய்விடும். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“நீ குடிப்பா.”

இருவரும் கைகோத்து, பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடக்கத் தொடங்கினார்கள். நடுவில் நின்று அந்த அம்மா செருப்பு வாரைச் சரிசெய்தார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கிளாஸின் அடியில் இவ்வளவு சர்க்கரை தங்கும் என்று அன்றுதான் தெரிந்தது.