ஓடக்காரன் திரும்பி வந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். ஆகித்தான் இருந்தது. ஆனால் நம் சொந்தத்தில் இல்லை, டிராகன்கள் பறக்கும் ஏதோ ஒரு ராஜ்யத்தில். மூன்று பாகக் கதையொன்றின் கடைசிப் பாகத்தைப் படித்து முடித்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்த ஒருத்தனை எழுத்தாளர் கொன்றுவிட்டார். தட்டில் சட்னி காய்வதற்குள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டியும் எழுதிவிட்டாள். அந்தத் திட்டுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ அழுகைப் பொம்மைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

"அந்த ரைட்டருக்கு மனசாட்சியே இல்லப்பா."

"விடுமா, அடுத்த பாகத்துல பொழச்சி வந்துடுவான்."

"இதுதாம்ப்பா கடைசி பாகம்" என்று தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குற்றத்துக்காக மத்தியானம் வரை என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. நான் என்ன செய்ய, சொல்லுங்கள். இதே மாதிரி ஒரு துக்கத்துக்கு நட்சத்திரம் குறைக்க வழியில்லாத காலத்தில், புத்தகத்தையே பிடித்து அரிசி டிரம்முக்குள் அடைத்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்போது நான் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். தற்காலிக வேலை. எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள் என்பதால் வேலையில் பெரிதாக மனம் ஒட்டவில்லை. மனம் ஒட்டியது கடலூர் திருப்பாப்புலியூரில் தண்டபாணி மாமா நடத்திய வாடகை நூலகத்தில்தான். ஒரு தையல் கடைக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்ததால் அங்கிருந்து எடுத்து வரும் எந்தக் கதையிலும் கொஞ்சம் சுக்கு வாசனை அடிக்கும். காதல் கதையிலும் சுக்கு, பேய்க் கதையிலும் சுக்கு. இன்றைக்கும் சுக்குக் காப்பி குடித்தால் எனக்கு யாராவது யாரையாவது துரத்துகிற மாதிரி இருக்கும்.

அந்த நூலகத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. படிப்பவர்கள் எல்லாரும் பென்சிலும் கையுமாகத்தான் படிப்பார்கள். "இந்த இடத்தில் அழுதேன்" என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "நான் அழவில்லை." அதற்கும் கீழே, "உனக்குக் கல் நெஞ்சு." இப்படி ஒரு பக்கத்திலேயே பஞ்சாயத்து நடக்கும். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, புத்தகத்தில் யாரும் எழுதக் கூடாது என்று துண்டுச்சீட்டு அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினார். அடுத்த வாரம் எல்லாச் சீட்டுகளுக்குக் கீழேயும் "சரி" என்று எழுதியிருந்தது.

அங்கேதான் அந்த மூன்று பாகக் கதை எங்களைப் பிடித்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவர்மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மந்திரவாதி, சபிக்கப்பட்ட நதி, அக்கரைக்குத் தப்பியோடும் ஜனங்கள் என்று போகும். இளவரசனும் இளவரசியும் உண்டு. ஆனால் அவர்களை யார் பார்த்தார்கள்? எல்லாருடைய உயிரும் காரி என்கிற ஓடக்காரன்மேல்தான். வாயைத் திறந்தால் நக்கல். பயந்து நடுங்கும் ஜனங்களை ஓடத்தில் ஏற்றி, மந்திரவாதியைக் கேலி பேசிச் சிரிக்க வைத்தே அக்கரையில் இறக்கிவிடுவான். இக்கரையில் அவனுக்கென்று ஒரு பெண்டாட்டியும் ஒரு நாயும் காத்திருப்பார்கள்.

எனக்கும் காரிக்கும் நடுவில் ஜாபர் என்று ஒருத்தன் இருந்தான். பரங்கிப்பேட்டைக்காரன். கடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. தினமும் காலையில் முட்லூரில் ஏறுவான். நான் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். முதல் இரண்டு பாகங்களையும் அந்த பஸ்ஸில்தான் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படித்தோம். அவன் வேகமாகப் படிப்பான். நான் பக்கத்தின் பாதிக்கு வருவதற்குள் திருப்பிவிடுவான். இன்றுவரை அந்த இரண்டு பாகங்களிலும் பக்கங்களின் கீழ்ப்பாதி எனக்குச் சரியாகத் தெரியாது.

மூன்றாம் பாகம் வந்தது. மாமாவிடம் ஒரே பிரதிதான். முன்பதிவு செய்தவர்கள் வரிசை நீண்டு கிடந்தது. படித்து முடித்துத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர் புத்தகத்தை மேஜைமேல் பொத்தென்று போட்டு, "மாமா, இனிமே எனக்கு சமையல் புக்கு மட்டும் குடுங்க" என்றார். காலேஜ் பெண் ஒருத்தி புத்தகத்தை வைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து மாமாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். "நானா எழுதுனேன்?" என்று மாமா பாவமாகக் கேட்டார். முடிவு என்ன என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தங்களுக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடக்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான்.

இந்த நேரம் பார்த்து ஜாபருக்கு விசா வந்துவிட்டது. ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அடுத்த வாரமே கிளம்ப வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெளிநாடு போவது ஒன்றும் அதிசயமில்லை, வீட்டுக்கு ஒருத்தர் எங்காவது இருப்பார்கள். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் முகம் சரியில்லை.

"மச்சான், எப்ப திரும்பி வருவேன்னு தெரியல. அது பரவால்ல. காரி என்ன ஆனான்னு தெரியாம நான் பிளைட் ஏற மாட்டேன்."

"எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டியா?"

"வாப்பாவும் இதேதான் கேக்குறாரு. காரிய யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

அன்று சாயங்காலமே மாமாவிடம் போய் நின்றோம். புத்தகம் மேல்பட்டாம்பாக்கத்து ரெஜினா டீச்சரிடம் இருந்தது. கெடு தாண்டியும் திரும்பி வரவில்லை.

"போய்க் கேளுங்க மாமா" என்றேன்.

"எனக்கு சயின்ஸ் எடுத்தவங்கப்பா அவுங்க. இப்பவும் பாத்தா கைய நீட்டிடுவேன். நீங்க போங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்பட்டாம்பாக்கத்துக்கு பஸ் ஏறினோம். நெல்லிக்குப்பம் வந்ததுமே சர்க்கரை ஆலையின் புளித்த வெல்ல வாசனை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "இந்த நாத்தத்தையும் மோந்து வெச்சிக்கறேன், அங்க கெடைக்காது" என்றான் ஜாபர். அந்த வாசனையை விரும்பி முகர்ந்த மனிதனை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

ரெஜினா டீச்சர் சர்ச்சுக்குப் போய் வந்த சேலையோடு முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், பெரிய குரல். ஒரே மகன் குவைத்துக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் அனுப்பிய சுவர்க்கடிகாரம் கூடத்தில் அரை மணிக்கொரு தரம் ஏதோ ஒரு பறவை மாதிரிக் கூவியது.

"புக்கு தர முடியாது" என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "அரிசி டிரம்முல போட்டு மூடிட்டேன். அத படிச்சா யாருக்கும் சோறு எறங்காது. எனக்கு எறங்கல. தண்டபாணிகிட்ட தொலைஞ்சி போச்சின்னு சொல்லு."

"டீச்சர், இவன் ஷார்ஜாவுக்குப் போறான். முடிவு தெரியாம போகமாட்டேங்கிறான்" என்றேன்.

டீச்சர் முறத்தைக் கீழே வைத்தார். ஜாபரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். வகுப்பறையில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

காரி கடைசி ஆள் வரைக்கும் அக்கரையில் இறக்கிவிடுகிறான். புயல் வருகிறது. ஓடம் கவிழ்கிறது. காரி செத்துப்போனான் என்று எல்லாரும் அழும்போது, ஒரு விடியற்காலையில் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "பசிக்குது, என்னா கொழம்பு?" என்று பெண்டாட்டியைக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

"இதுல எதுக்கு டீச்சர் சோறு எறங்கல?" என்று ஜாபர் கேட்டான்.

"கொழம்பு என்னான்னு அந்த ஆளு எழுதல" என்றார் டீச்சர், கண்ணிமைக்காமல்.

ஜாபர் செருப்பு மாட்ட வெளியே போனபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "செவ்வாக்கிழம புக்க லைப்ரரில குடுத்துடறேன். நீ படிச்சிக்க. அந்தப் புள்ளைகிட்ட வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்."

ஜாபர் புதன்கிழமை சந்தோஷமாக விமானம் ஏறினான். நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். காரி திரும்பி வரவில்லை. புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கரையில் கடைசி ஆளை இறக்கியபின் அவனும் இறங்கி நடந்து போய்விடுகிறான். இக்கரையை மறக்கச் செய்யும் மண் அது. ஓடம் மட்டும் தண்ணீர் இழுத்து வந்து இந்தப் பக்கம் ஒதுங்குகிறது. பெண்டாட்டி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு புத்தகம் முடிகிறது. ஓரத்தில் எப்போதும் சண்டை போடும் அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் கடைசிப் பக்கத்தில் பென்சிலை வைத்திருக்கவில்லை. நான் பஸ்ஸில் முட்லூர் நிறுத்தத்தில் அதைப் படித்து முடித்தேன். வெட்கம் இல்லாமல் அழுதேன். பக்கத்து இருக்கையில் ஒரு மீன்கூடை இருந்தது, அதனிடம் என்ன சொல்ல முடியும்.

பிறகு ஆரம்பித்தது என் பாடு. வெள்ளிக்கிழமை தோறும் ஜாபர் போன் செய்வான். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரு நிமிஷம். உடனே, "மச்சான், காரி திரும்பி வந்தப்புறம் நாய் அடையாளம் கண்டுக்கிச்சா? புக்குல இருக்குமே, சொல்லு." நான் விழிப்பேன். ஏதாவது ஒன்றை அள்ளி விடுவேன். அடுத்த வாரம் மந்திரவாதி என்ன ஆனான் என்பான். அவனுக்கு மூட்டு வலி வந்து மந்திரத்தை விட்டுவிட்டான் என்பேன். காரி புது ஓடம் செய்தான், மாமியாரோடு சண்டை போட்டான், அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் பாகம் எவ்வளவு பெரிய புத்தகமடா என்று அவன் ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் நம் சாமர்த்தியம்தான் என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

முதல் லீவில் வந்தவன் பேரீச்சம்பழமும் செண்ட்டும் எடுத்துக்கொண்டு என்னை டீச்சர் வீட்டுக்கு இழுத்துப் போனான். ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்து, "டீச்சர், அந்த நாய் கடைசில என்னா ஆச்சு?" என்றான்.

"அதுவா, காரி மடியிலேயே படுத்துத் தூங்கிச்சி."

"இவன் அது செத்துப்போச்சின்னானே."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா நாய சாவடிச்ச?"

"நீங்க நாயப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே டீச்சர். எனக்கு எப்படித் தெரியும்?"

ஜாபர் சிரித்த சிரிப்பில் அந்தக் கடிகாரப் பறவை கூவியதுகூடக் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அவன் எனக்கு மட்டும் இல்லை, டீச்சர் வீட்டு லேண்ட்லைனுக்கும் போன் செய்திருக்கிறான். மூன்றாம் பாகத்தை ஷார்ஜாவுக்குப் போன முதல் மாதமே படித்துவிட்டான். அறையில் கூட இருந்த கும்பகோணத்துக்காரர் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

"அப்புறம் எதுக்குடா வாரா வாரம் என் உயிர எடுத்த?" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "ரூம்ல எல்லாரும் அந்தப் புக்க படிச்சிட்டாங்க மச்சான். ஒரு வாரம் யாரும் யாரோடயும் பேசல. அப்பதான் டீச்சர் சொன்ன முடிவ சொன்னேன். அடுத்து என்னா, அடுத்து என்னான்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்குக் கத கட்ட அந்த அளவுக்கு வராது. ஒங்க ரெண்டு பேத்துகிட்டயும் கேட்டுட்டுப் போயி அவுங்களுக்கு சொல்லுவேன். வெள்ளிக்கிழம பிரியாணிய வெச்சிக்கிட்டு காத்திருப்பாங்க."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அந்த நாய் பொழச்சிக்கிச்சின்னு அவுங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

அதற்கப்புறம் எல்லாரும் தெரிந்தே பொய் சொன்னோம். நானும் டீச்சரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம், அதிலும் சண்டைதான். காரியின் மகளை டாக்டராக்க வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றார். மந்திரவாதி காலத்தில் ஏது மெடிக்கல் காலேஜ் என்றால் என்னை முட்டாள் என்றார்.

தண்டபாணி மாமாவின் நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மருந்துக்கடையும் போய்விட்டது. அந்தப் புத்தகங்களை மொத்தமாக யாரோ எடைக்கு வாங்கிப் போனார்கள், அத்தனை பென்சில் பஞ்சாயத்துகளோடும். டீச்சர் இப்போது இல்லை. மகன் குவைத்திலிருந்து வந்து அடக்கம் செய்துவிட்டுப் போனான். ஜாபர் இன்னும் ஷார்ஜாவில்தான் இருக்கிறான். தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் அனுப்புகிறான். போன் பேசக் காசே வேண்டாம் என்று ஆனபிறகு நாங்கள் பேசுவது குறைந்துவிட்டது. அந்த அறைக்காரர்கள் சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு மூலையில் போனைத் தூக்கிப் பிடித்து அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார்களாம். நல்லதுதான். ஓடக்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

காரியைக் கேட்டு வரும் ஜாபரின் போன் நின்றது எந்த வெள்ளிக்கிழமை என்று ஞாபகமில்லை.  அந்த வாரம் மழைக்கு முன்னால் காரி தன் வீட்டுக் கூரையை மாற்றுவதாகச் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் அந்தக் கூரை இன்னும் மாற்றப்படாமலே இருக்கிறது. காரியின் பெண்டாட்டி இன்றைக்கும் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பாள்.