மாமி மென்ற இறைச்சி

அந்த நாட்களில் கிண்ணியாவில் எங்கள் பக்கத்து இறைச்சிக்கடைக்கு வருகிற மாடெல்லாம் உழுது, வண்டி இழுத்து, ஓய்ந்துபோன மாடுதான். இரண்டு கட்டு விறகு எரித்தாலும் அந்த இறைச்சி அசையாது. போன முறை என் அக்கா ராத்தாவின் புருசனைப் பெற்ற மாமி மூதூரிலிருந்து விருந்துக்கு வந்தபோது ஒரு துண்டை நெடுநேரம் மென்றுவிட்டு, "பல் இருக்கிற ஆக்கள் தின்னட்டும்" என்று கையைக் கழுவிக்கொண்டார். அந்தச் சொல் எங்களைப் பெற்ற உம்மாவைச் சுட்டுக்கொண்டே இருந்தது. கலியாணமாகி நாலு வருசமாகியும் ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை என்ற கதை வேறு மாமி வீட்டுப் பக்கம் அடிபட்டது. இந்த முறை இறைச்சியும் வேகாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

மாமி மறுபடி வருகிற அன்று காலையிலேயே உம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டிப் பப்பாசிக்காய், பச்சைப் பப்பாளி, வாங்கிவரச் செய்தார். பால் வடிகிற காயைத் தோலோடு அரைத்துப் பிசைந்து வைத்தால் எந்தக் கிழட்டு மாடும் பஞ்சாகிவிடும். அரைக்கிற வேலை ராத்தாவுடையது.

"இது போடாட்டி என்ன உம்மா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"திரும்பவும் நான் தலைகுனியவா?" என்று உம்மா பாய்ந்தார்.

உம்மா கிணற்றடிக்குப் போனதும் ராத்தா காயை வேலிக்கு அப்பால் எறிந்தாள். தயிரையும் இஞ்சியையும் இறைச்சியில் பிசைந்துவிட்டு, "உம்மாட்டச் சொல்லிராத, என்ட தங்கமே" என்று என் கையைப் பிடித்தாள். அந்த மாட்டுக்குத் தயிர் எந்த மூலைக்கு?

பகல் சாப்பாட்டுக்குப் பெண்கள் எல்லாரும் ஒரே சகனைச் சுற்றி அமர்ந்தோம். ஒரு தட்டில் கூடிச் சாப்பிடும்போது எதையும் ஒதுக்க ஏலாது. மாமி நல்ல துண்டாகப் பார்த்து ராத்தாவின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். அன்றும் தள்ளினார். தானும் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். உம்மாவின் முகம் கறுத்தது.

"எடியே, முத்தின காயையா கொண்டுவந்த?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? "நான் நல்ல காய்தான் கொண்டுவந்தனான். ராத்தாதான் வேலிக்கு அங்கால எறிஞ்சவ!"

மாமி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ராத்தாவையே பார்த்தார். தொலைந்தாள் என்று நினைத்தேன்.

"எத்தின மாசம் மகள்?" என்றார் மாமி.

ராத்தா குனிந்தபடி இரண்டு விரலைக் காட்டினாள். "அல்லாஹ்வே!" என்று உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமி கறிக்கையோடு ராத்தாவைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தமிட்டார். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்றே எனக்கு விளங்கவில்லை. பிறகு மாமி அந்த வேகாத இறைச்சியைக் கடைசித் துண்டுவரை தின்று, "நல்ல ருசி" என்றும் சொன்னார்! முன்பு ஒருமுறை ஊரெல்லாம் சொல்லிக் கரு தங்காமல் போனதால்தான் ராத்தா வாய் திறக்கவில்லையாம். இதையெல்லாம் அன்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறு வருசம் மாமி வந்தபோது ராத்தாவின் மடியில் மகன் கிடந்தான். அந்த முத்தத்துக்கு ஆசைப்பட்டு நானும் அன்று அரைக்க வைத்திருந்த பப்பாசிக்காயை வேலிக்கு அப்பால் எறிந்தேன். உம்மா அகப்பைக் காம்பால் என்னை வெளுத்து வாங்கினார். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். ஒரே காரியத்துக்கு ராத்தாவுக்கு முத்தம், எனக்கு அடி. இது என்ன நியாயம் என்று அழுதழுது கேட்டேன்.