வாசல் அறையும் மௌன ஊர்வலமும்

பத்மநாபசுவாமி வேட்டைக்குப் புறப்படும் பள்ளிவேட்டை உற்சவத்தைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் திருவனந்தபுரம் போனோம். கோட்டைக்குள் ஒரு மாமி வீட்டில் வாசல் அறையும் பின்கட்டு அறையும் காலியாக இருந்தன. நான்தான் அடம்பிடித்து வாசல் அறையை எடுத்தேன்.

"ஜன்னல்லேர்ந்தே மகாராஜாவைப் பாக்கலாம். ஆனா வேட்டைக்களத்துல அவர் அம்பு விடற வரைக்கும் கொட்டும் கிடையாது, சங்கும் கிடையாது. ஒரு தும்மல்கூடப் பாடில்லை, கூடவே கூடாது, கேட்டேளா?" என்றாள் மாமி.

பஸ் களைப்பும் மாமியின் அவியலும் சேர்ந்து இவரைச் சாய்த்துவிட்டன. மகாராஜா எங்களைக் கடந்து பக்கத்து வேட்டைக்களத்துக்குப் போனார். தெருவே மூச்சடக்கி நின்றபோது இவருடைய குறட்டை கம்பீரமாகக் கிளம்பியது. ஈட்டி பிடித்த சிப்பாய் ஒருவர் ஜன்னலை முறைத்தார். சட்டென்று இவர் மூக்கைப் பிடித்தேன்.

"ஐயோ, கொல்றாளே!" என்று இவர் அலறவும், களத்தில் அம்பு பாயவும் சரியாக இருந்தது. சங்கும் கொட்டும் முழங்கி அந்த அலறலை விழுங்கின.

அதிலிருந்து எந்த ஊரிலும் பின்கட்டு அறைதான் கேட்கிறேன். போன மாதம் சுசீந்திரத்தில் கிடைத்த அறைக்குப் பின்னால் மாட்டுத்தொழுவம். காலையில் வீட்டின் சொந்தக்காரர் வந்து, "ராத்திரி மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிட்டும்மா. ஏதாவது சத்தம் கேட்டியளா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.