தாழ்ந்த வீட்டுக்கு முதல் செய்தி

என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் படகு என் தலைக்கு மேலே போகும். கதை விடவில்லை. நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் தெரு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பக்கத்துக் கால்வாயோ கரைகட்டி உயரத்தில் ஓடுகிறது. நான் தோசை திருப்பிக்கொண்டிருப்பேன், மேலே ஒருவர் படகில் காபி குடித்தபடியே கையாட்டிவிட்டுப் போவார். வந்த புதிதில் மழை பெய்தால் இரவில் எழுந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஊர்க்காரர்கள் மழைநாளிலும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தண்ணீரை வெளியே தள்ள எங்கே பார்த்தாலும் பம்புகள் இருக்கின்றன. அந்தப் பம்புகளைக் கவனித்து, ஆபத்து என்றால் வீடுகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை எழுதும் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை.

சொந்த ஊரில், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் காலனி. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஏரி நிரம்பி வழிந்தால் முதலில் யார் வீட்டுக்குள் வரும் என்று பெருமைப்படுகிறவர்கள் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக்குள்தான் வரும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா ஏரிப் பாசன வயல்களில் கூலிவேலை செய்தார். இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருக்கிறார். மதகைத் திறப்பதா, மூடுவதா என்று நிலம் வைத்திருந்தவர்கள் கரைமேல் உட்கார்ந்து பேசுவார்கள். அப்பாவும் மற்றவர்களும் மண்வெட்டியோடு கீழே நிற்பார்கள். பேச்செல்லாம் மேலே முடிந்து, வேலை மட்டும் கீழே இறங்கி வரும். கேட்டாலொழியப் பேசக் கூடாது, பேசினால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராமலே நானும் கற்றுக்கொண்டேன்.

இங்கே எல்லாம் தலைகீழ். நேற்று சேர்ந்தவரும் மேலாளரை மறுத்துப் பேசலாம். பேசியே ஆக வேண்டும். என் மேலாளர் ஹெங்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு நெடுநாள் பிடித்தது. உன் ஊர் எது என்று அவர் ஒருநாள் கேட்டார். செங்கல்பட்டு மாவட்டம், அங்கே மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் உங்கள் ஆட்கள் துணி வியாபாரத்துக்கு வந்து கோட்டை கட்டினார்கள், அங்கேயே புதைந்தும் கிடக்கிறார்கள் என்றேன். உறவு கொண்டாடத்தான் சொன்னேன். அவரோ முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, கல்லறைகள் பத்திரமாக இருக்கின்றன என்று நானே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அதே ஹெங்க்தான் ஒப்பந்தம் முடியப்போகும் சமயத்தில் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். உன் வேலையில் குறை இல்லை. ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியவில்லை, கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவரை நிரந்தரமாக்க முடியாது என்றார். வேலை போனால் விசா போகும். ஊருக்குப் போவது ஒன்றும் கேவலமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகத் திரும்பிப் போவதை நினைத்தால்தான் ஆத்திரமாக வந்தது.

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. எங்கள் மென்பொருள் எச்சரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக, பதிவு செய்துகொண்ட வரிசையில் அனுப்பும். பழைய குடிகளுக்கு முதலில் போகும். பள்ளத்தில் புதிதாகக் கட்டிய வாடகை வீடுகளுக்கு, அதாவது என்னைப்போல் வந்தேறியவர்களுக்கு, கடைசியில் போகும். தண்ணீரோ பதிவேட்டைப் பார்த்து வராது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நான் வெளியே போகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். இன்னொருவர் கதவையே திறந்தார். நின்றபடியே சொன்னேன்: தாழ்வான வீட்டுக்கு முதலில் போகட்டும். மாற்றி எழுதுவது சுலபமல்ல என்றார்கள், பதிவு செய்தவர்கள் கோபிப்பார்கள் என்றார்கள். தண்ணீர் முதலிலும் சேதி கடைசியிலும் வரும் வீட்டில் வளர்ந்தவள் நான் என்றேன். ஹெங்க் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, தொடரச் சொன்னார். மதியம் வரை சண்டை போட்டோம். வரிசை மாறியது. பிறகு என் வேலையும் நிரந்தரமானது.

புதிய வரிசையைச் சோதிக்க ஆளுக்கு இரண்டு எண்கள் தரச் சொன்னார்கள். ஒன்று என்னுடையது, மற்றது அப்பாவுடையது. அவருக்கான வாசகத்தைத் தமிழிலேயே எழுதினேன்: வெள்ளம் வருகிறது, பொருட்களை மேலே ஏற்றவும், இது சோதனை மட்டும். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

“இன்னாம்மா, வெள்ளம்னு வந்துகீது. அரிசி மூட்டய கட்டில் மேல ஏத்திட்டேன். இங்க வெயிலு கொளுத்துது. வெள்ளம் எங்க, இங்கயா, உன் வூட்லயா?”

“எங்கயும் இல்ல நைனா. சும்மா டெஸ்ட்டு. கடைசி வரி படிக்கலயா?”

“படிச்சிகினு நின்னா மூட்ட நனஞ்சிடும்ல?” என்றார். “தண்ணிக்கு முன்னாடி நமக்கு சேதி வந்துகீதே. இத்த நம்ம தெருவுக்கும் போட்டுக் குடு. நான் போயி எல்லார்கிட்டயும் நம்பர் வாங்கியாறேன்.”

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கள் தெருவுக்கு அதை எழுதுவதுதான் வேலை. மூட்டையை இறக்கி வையுங்கள், தூங்க இடம் வேண்டாமா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டார். நெதர்லாந்துக் கால்வாய்க்குப் பயந்து, செங்கல்பட்டு வெயிலில் எங்கள் அரிசி கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்பா தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்.