மெங்கிபோல் ஆற்றங்கரையில் நான் வெட்டிய மூன்று குழிகள்

மலாயாவின் குளுவாங்கில் சலவைத் தொழில் செய்த ராஜம்மாவுக்கு நான் நாற்பது வெள்ளி கடன்பட்டிருந்தேன். இன்று எனக்கு இந்தப் பட்டணத்தில் கடை உண்டு, லாரி உண்டு. காளியப்பன் என்றால் வழிவிட்டு நிற்கிறார்கள். ஆனால் அன்று கடன்காரன்தான். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். ரப்பர்த் தோட்டத்தில் வடிகால், எங்கள் பேச்சில் காண், வெட்டியே பிழைத்தேன். என்னைப்போல் காண் வெட்ட அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அப்போது ரயிலடிக்குப் பின்னால் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், ரப்பர்க் கொட்டகை வைத்திருந்தார். பாலில் திராவகம் ஊற்றி உறையவைத்து, தகடாக உருட்டிப் புகை போடுவார்கள். மிச்சத் தண்ணீரெல்லாம் நேரே மெங்கிபோல் ஆற்றுக்கு. வெள்ளையாய்ப் புளித்து, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ஓடும். அதற்குக் கீழேதான் ராஜம்மாவின் துவைகல். ரயில்வே துரைமார் சட்டைகளில் வாடை ஏறவே, ஒவ்வொருவராக வேறு வண்ணானைத் தேடிப் போனார்கள்.

கடைசியில் சுகாதார அதிகாரி வந்து, தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் கொட்டகைக்குப் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். தவுக்கே ஆள் தேடினார். நான் போய் நின்றேன். சரிவில் மூன்று குழி வெட்டுகிறேன் என்றேன். முதல் குழியில் ரப்பர்த் துணுக்குகள் மிதந்து கட்டும், அள்ளிவிடலாம். இரண்டாவதில் கசடு அடங்கும். மூன்றாவதில் மணல் வழியாகத் தண்ணீர் வடியும். சரி என்றார் தவுக்கே. ஆனால் வேலை முடிந்து தண்ணீர் தேறினால்தான் பணம், முன்பணம் ஒரு காசும் கிடையாது என்றார்.

மண்வெட்டிக்கும் பலகைக்கும் ஆட்கூலிக்கும் எங்கே போவேன்? ராஜம்மாதான் தன் காதுத்தோட்டை அடகு வைத்து அந்த நாற்பது வெள்ளியைக் கொடுத்தார்.

"ஆறு தெளிஞ்சா எனக்கும் சோறு, தம்பி. தெளியலன்னா ரெண்டு பேருமே பட்டினிதான்."

வேலை முடிந்தது. தவுக்கே ஒரு சோதனை வைத்தார். மூன்றாம் குழியின் வாய்க்குக் கீழே ஒரு வெள்ளை வேட்டியைக் காலையில் கட்டி, சாயங்காலம் எடுத்துப் பார்ப்பது.

அன்று காலை வேட்டியைக் கட்டிவிட்டுக் குழிக்கரையில் பூசை போட்டோம். பூசை போடாமல் தண்ணீர் திறக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? என் ஆட்களில் செல்லப்பன் பெரிய பக்திமான். அம்மனுக்குக் கரைத்த ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே மூன்றாம் குழியின் வாயில் கவிழ்த்தான். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கீழே வேட்டி கட்டியிருப்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் எடுத்தால் வேட்டி பண்டாரத்தின் துணிபோல் இருக்கிறது. தவுக்கே உதட்டைப் பிதுக்கினார். மஞ்சள், பூசை, அம்மன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் ராஜம்மாவைக் கூப்பிட்டு, துணி வெள்ளையா, நீயே சொல் என்றார். ராஜம்மா 'வெள்ளை' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தோடு திரும்பியிருக்கும்.

"மஞ்சளாத்தான் இருக்கு தவுக்கே. இது குழிக் கறையா கொடத்துக் கறையான்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு வேற துணி கட்டுங்க. அந்தப் பூசாரிய மட்டும் கிட்ட விடாதீங்க."

தவுக்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரும் தினமும் கொட்டகை வாசலில் ஊதுபத்தி கொளுத்துகிறவர்தானே. இன்னொரு நாள் கொடுத்தார்.

மறுநாள் முழுக்க நான் கையில் கம்போடு குழிக்கரையில் காவல் இருந்தேன். செல்லப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் ராஜம்மா துணியை அவிழ்த்தார், பிழிந்தார், மோந்து பார்த்தார், வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"வெள்ளை," என்றார்.

தவுக்கே பணத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் பெக்கோக் வரைக்கும் எத்தனையோ கொட்டகைக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அது தனிக் கதை. அன்று நான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே துவைகல்லுக்கு இறங்கினேன். ராஜம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். விரித்த அந்த உள்ளங்கையில், ஊரே கேட்கும்படி எண்ணி எண்ணி, நாற்பது வெள்ளியையும் வைத்தேன்.