எண்ணூரிலிருந்து ஆபரேஷனுக்கு ஒரு மெட்ரோ பயணம்

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். நான்கு வருடத்துக்கு முன் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கி, தொடை வழியாக உள்ளே ஒரு செயற்கைக் குழாய் வைத்தார்கள். இப்போது அதன் ஓரமாக ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி பெருத்துவிட்டது. இந்த முறை வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும். இதே காரியமாக இந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6.10க்கு ஆட்டோ. விம்கோ நகர் மெட்ரோ வரை ஆறு கிலோமீட்டர், 150 ரூபாய்.

"அவுருக்கு வவுத்துல ரத்தக்கொழா வீங்கிக்கினு கீதுப்பா. பள்ளத்துல உட்டுடாத," என்றேன் டிரைவரிடம்.

"இந்த ரோட்டுல பள்ளம் இல்லாத எடம் எங்கக்கா கீது? உருட்டிக்கினே போறேன், பேஜாராவாத."

சொன்னபடியே இருபத்தைந்து நிமிடம் உருட்டினார். பின்னால் உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார் என் ஆள். எந்த நோய் வந்தாலும் வாய் மட்டும் அடங்காது.

சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். லிஃப்ட் இருக்கிறது, குலுக்கல் இல்லை. அங்கிருந்து ஆட்டோவில் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வரச் சொன்னோமே? ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா தொடை வழியாவே சரிபண்ணப் பார்த்திருக்கலாம்."

முதல் வருடம் போனோம். இரண்டாம் வருடம் கிளம்பிய அன்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ இரண்டு மணி நேரம் நின்றது. திரும்பிவிட்டோம். வலிதான் இல்லையே, அடுத்த மாதம் போகலாம் என்று விட்டது, அப்படியே போய்விட்டது.

"நான்தான் சார் வூட்டுக்குத் திரும்பிடலாம்னேன். இவ திரும்ப வேணாம்னுதான் சொன்னா," என்றார் அவர்.

பொய். திரும்பலாம் என்றது நான். என் வேலைக்கு நேரமாகிறது என்று எரிந்து விழுந்ததும் நான்தான். டாக்டர் திருப்பித் தந்த படத்தை உறையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆபரேஷன் ஏழு மணி நேரம். பழையதை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்துத் தைத்தார்கள். வெளியே உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு வந்தபின் கஞ்சி கொடுக்கும்போது, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆபரேஷன்லேர்ந்து நான் திரும்பி வரலன்னா, அந்தப் பழிய நீ ஒண்டியா எப்டி தூக்கிக்கினு இருப்ப?" என்றார். அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் கிளம்புங்கள். மெட்ரோவில் போங்கள். பழைய ஆபரேஷன் தாள்களையும் ஸ்கேன் படங்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பாதி வழியில் யாராவது திரும்பலாம் என்றால், அது வீட்டுக்காரியாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.